பாகூர்ச் சேற்றுக்கு ஒரு பழைய ஜீப்

புதுவை மாநிலத்தின் வரைபடத்தை ஒருமுறை உற்று நோக்கியவர்கள் அறிவார்கள். அது ஒரே துண்டாக வெட்டிய துணி அன்று. தையற்கடையின் தரையில் சிதறிக் கிடக்கும் வெட்டுத் துணிகளை ஒத்தது. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் என்னும் கொம்யூன்களின் சிற்றூர்களுக்கிடையே தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஊர்கள் புகுந்து கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பெற்ற இவ்வூர்கள், 1954 நவம்பர் முதல் நாளன்று அதே துண்டுகளாகவே இந்தியாவின் ஆட்சிக்கு வந்தன. 1962 ஆகஸ்ட் 16 அன்று அவ்விணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. 'கொம்யூன்' என்ற பிரெஞ்சுச் சொல் மட்டும் பஞ்சாயத்து அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளில் இன்றும் நிலைத்து நிற்கிறது.

கட்டை வண்டியில் வைக்கோல் ஏற்றிச் செல்லும் ஒருவர் வீடு சேர்வதற்குள் இரண்டு மூன்று தடவை மாநில எல்லையைக் கடந்துவிடக்கூடும். அவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் பழைய மோட்டார் வாகனம் ஒன்றை விலைக்கு வாங்க எண்ணுகிறவருக்கு இந்த எல்லைக் கோடு எத்துணை முக்கியமானது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் என் தங்கையின் கணவர், "மச்சான், ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி பார்க்க வேண்டும். நீங்களும் கூட வர வேண்டும்" என்று அழைத்தார். ஷார்ஜாவில் பதினொரு ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர் அவர். பாகூர்க் கொம்யூனில் குருவிநத்தம் பக்கம், தென்பெண்ணை ஆற்றை ஒட்டிச் சிறிது நிலமும் தென்னந்தோப்பும் அவருக்கு உண்டு. தோப்பு வீட்டைவிட்டு வர மறுக்கும் வயதான தாயாரும் அங்கேயே இருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தோப்புக்குச் செல்லும் மண்பாதையில் சாதாரணக் கார் இறங்கினால் மீண்டும் ஏற டிராக்டர்தான் வர வேண்டும். எஞ்சிய மாதங்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரை, ஏரிக்கரை என்று சுற்றிவர வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. வட்டிக் கடன் வாங்குவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். ஆகவே கையில் இருந்த சேமிப்பே எல்லை. அந்தத் தொகை தவறான வண்டியில் முடங்கிவிட்டால் மறுபடி சேர்க்க வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும்.

"வருடத்தில் எத்தனை நாளைக்கு அந்த வண்டி தேவை? அதை முதலில் கேளுங்கள் அண்ணே" என்றாள் என் தங்கை. வண்டி வாங்கச் செல்லும் முன் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவே சிறந்தது என்று இன்றும் கருதுகிறேன். கணக்குப் பார்த்தோம். மழைக்காலத்தில் நாற்பது நாள், மற்ற காலத்தில் மாதத்திற்கு இரண்டு மூன்று பயணங்கள். எஞ்சிய நாட்களில் வீட்டின் ஒரே காரும் அதுவேயாக இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கும், தாயாரை மருத்துவமனைக்கும் அதில்தான் அழைத்துச் செல்ல வேண்டும்.

மணல் வேறு, சேறு வேறு

வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில் லுஹர் தொழுதுவிட்டு நாங்கள் புறப்பட்டோம். வில்லியனூரின் மேற்கே சங்கராபரணி ஆறு ஓடுகிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வருவதால் செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயர். ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடந்து, மழைக்காலத்தில் திடீரென்று கரை தொட்டு ஓடும் ஆறு. வடக்கே ஊசுட்டேரி, ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள இந்நீர்நிலையும் பாதி புதுவைக்கும் பாதி தமிழ்நாட்டிற்கும் உரியது. அதற்கப்பால் சேதராப்பட்டுப் பக்கம் செம்மண் மேடு. மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்துச் சென்றாலும் செம்மண்ணில் வண்டி ஓட்டிவிடலாம், நீர் வடிந்துவிடும்.

வில்லியனூரிலிருந்து பாகூர்ச் சாலையில் தெற்கே போகப் போக மண் மாறுகிறது. உறுவையாறு, மங்கலம், கரிக்கலாம்பாக்கம் என ஊர்கள் கடக்க, செம்மை மறைந்து கரிய வண்டல் தலைகாட்டுகிறது. பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். 9ஆம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இவ்வூரின் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக வழங்கியதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கொடையாகத் தரத்தக்க அளவு விளைச்சல் அன்றே இருந்தது போலும். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்னும் இரு சகோதரியரே அவ்வாய்க்காலை வெட்டுவித்தனர் என்பது மக்கள் வழக்கு. வாய்க்கால், கிளை வாய்க்கால், வடிகால், வரப்பு என நீரைச் சுமந்து செல்லும் இந்த வலைப்பின்னலுக்கு நடுவேதான் தோப்புகளுக்குச் செல்லும் வண்டிப்பாதைகள் இருக்கின்றன.

மச்சான் பாலைவனத்தில் வண்டி ஓட்டிப் பழகியவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் நண்பர்களின் பெரிய லேண்ட் க்ரூசர்களில் மணல்மேடுகளில் ஏறி இறங்கியவர். டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தால் அது தட்டையாகப் பரந்து மணலின் மேல் மிதக்கும் என்பது அவர் கற்ற பாடம். மணலுக்கு அது சரி. அகன்ற டயர், வலிமையான எஞ்சின் இரண்டும் அங்கே நன்மை தரும். பாகூர்க் களிமண் வேறு இயல்புடையது. மேலே நான்கு விரற்கடை வழவழப்பு. அதன் கீழே ஓரளவு கெட்டியான தரை. இங்கே அகன்ற டயர் அந்த வழவழப்பின் மேலேயே சறுக்கிக்கொண்டு நிற்கும். குறுகிய டயரோ சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழ்த்தரையைப் பற்றும். டயரின் பற்களுக்கிடையே களிமண் அப்பிவிட்டால் அது மொட்டை டயருக்குச் சமம். அதனால் பற்கள் நெருக்கமாக உள்ள டயரைவிட இடைவெளி விட்டுள்ள டயர் மேல். எல்லாவற்றிற்கும் மேலாக, வண்டி கனமாக இருக்கக்கூடாது. இரண்டு டன் வண்டி எவ்வளவு குதிரைச் சக்தி பெற்றிருந்தாலும் களிமண்ணில் தன் பாரத்தாலேயே புதையும். தோப்புக்காரர்கள் நால்வர் தள்ளி வெளியே எடுக்கக்கூடிய வண்டியே இப்பகுதிக்கு ஏற்றது என்பது என் துணிபு.

வெள்ளத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அதை அடுத்து, டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலான நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. பாகூர்க் கொம்யூனின் ஆற்றோர ஊர்களான சோரியாங்குப்பம், குருவிநத்தம் போன்றவை நீரில் மூழ்கின. புதுவை–கடலூர் சாலைப் போக்குவரத்தே தடைப்பட்டது. "அன்றைக்கு ஒரு ஜீப் இருந்திருந்தால் அம்மாவைத் தூக்கி வந்திருப்பேன்" என்று மச்சான் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஓடுகிற நீர் ஓரடி உயரம் இருந்தால் சிறிய காரையும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளையும் அடித்துச் செல்லும். நான்கு சக்கரங்களும் இழுத்தாலும், சக்கரங்கள் தரையைத் தொடாதபோது பயன் ஒன்றுமில்லை. அன்று புதுவையில் மக்களை மீட்டவை ராணுவத்தினரும் மீட்புப் படையினரும் செலுத்திய படகுகளே. ஜீப்பின் பயன், வெள்ளம் வருவதற்கு முந்தைய நாள், பாதை சேறாகிவிட்ட நிலையில் தாயாரை அழைத்து வருவதில் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மச்சான் பெரிய வண்டி என்ற எண்ணத்தைக் கைவிட்டார்.

சந்தையில் கிடைப்பவை

இந்தியாவில் 'ஜீப்' என்ற சொல்லோடு மஹிந்திரா நிறுவனத்தின் பெயர் பிணைந்து கிடக்கிறது. 1945இல் அது தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்டு முஹம்மது' என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். மஹிந்திரா சகோதரர்கள் இருவரோடு கூட்டாளியாக இருந்தவர் மாலிக் குலாம் முஹம்மது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, 1951இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என மாறியது. பிரிந்தவர் திசை வேறாயிற்று. 1947 முதல் அந்நிறுவனம் இங்கே பொருத்தத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வம்சம் மட்டும் நம் கிராமத்துச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவ்வம்சத்தில் பழைய வண்டியாக இன்று கைக்குக் கிடைப்பவை எம்.எம். 540, எம்.எம். 550, கமாண்டர், கிளாசிக் போன்றவை. பிறகு 2010இல் வந்த முதல் தார். டீசல் எஞ்சின், கனத்த இரும்பு, எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கும் எளிமை ஆகியன இவற்றின் பலம். ஆனால் கமாண்டர்களிலும் பொலீரோக்களிலும் மிகப் பெரும்பாலானவை பின்சக்கர இழுவை மட்டுமே உடையவை. தோற்றம் ஒன்றாக இருப்பதால் ஏமாறுவது எளிது. 2020இல் வந்த புதிய தார் நல்ல வண்டிதான். இரண்டடிக்குச் சற்று மேலான நிலைநீரில்கூட ஓடும் என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். ஆனால் எடை ஒன்றே முக்கால் டன்னை ஒட்டியது. பழையதாயினும் விலை இறங்கவில்லை. மச்சானின் சேமிப்புக்கு அது எட்டவில்லை.

மாருதி ஜிப்சி 1985இல் வந்தது. 1996இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு 'ஜிப்சி கிங்' ஆயிற்று. பொதுமக்களுக்கான விற்பனை 2019ஐ ஒட்டி நின்றுபோனது. எடை ஏறத்தாழ ஒரு டன். தரையிலிருந்து உயரம் 21 செ.மீ. ராணுவமும் காவல்துறையும் பல்லாண்டு பயன்படுத்தியதால் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. குறைகளும் உண்டு. பெட்ரோலைக் குடிக்கும்; லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கிடைத்தால் மகிழ வேண்டும். பட்டைவில் அமைப்பு முதுகை உலுக்கும். பின்னால் பக்கவாட்டு பெஞ்சு இருக்கைகள். "பிள்ளைகளை ஆட்டுக்குட்டி மாதிரி பக்கவாட்டில் கட்டிக்கொண்டு போவதா?" என்று கேட்டாள் தங்கை. முன்னோக்கிய இருக்கையும் இருக்கைப் பட்டையும் இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவதில்லை என்பது அவள் விதித்த நிபந்தனை. அந்நிபந்தனை எங்கள் தேடலைப் பாதியாகக் குறைத்தது. அதற்காக நான் அவளைப் பாராட்டுகிறேன்.

மூன்று வண்டிகள்

வில்லியனூரில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். ஒரு நாள் கூலி கேட்டார், கொடுத்தோம். பழைய வண்டி வாங்குவோர் முதலில் செய்ய வேண்டிய செலவு இதுவே. "பாய், பெயிண்டைப் பார்க்காதீங்க, போல்டைப் பாருங்க" என்பதே அவருடைய தாரக மந்திரம். கழற்றி மாட்டிய போல்டில் ஸ்பேனரின் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பு வண்டியின் வரலாற்றைச் சொல்லும் என்பார்.

முதல் வண்டி செக்கச் செவேலென்று பளபளத்த ஒரு திறந்த ஜீப். யானைக்கால் போன்ற டயர்கள், முன்னே இரும்புக் கம்பிச் சட்டம், மேலே வரிசையாக விளக்குகள். ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில், ராணுவம் கழித்த வண்டிகளின் பாகங்களைக் கொண்டு இத்தகைய ஜீப்களைப் புதிதாகக் கட்டித் தருவது ஒரு பெருந்தொழில். விற்பவர், "ஃபோர் வீல் சார், எங்கே விட்டாலும் ஏறும்" என்றார். மெக்கானிக் கீழே குனிந்தார், நிமிர்ந்தார், ஒன்றும் பேசாமல் பீடி பற்ற வைத்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப்பின் முன்னச்சில், பின்னச்சில் உள்ளதைப் போன்றே ஓர் இரும்பு உருண்டை இருக்கும். சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அதனுள்ளேதான் இருக்கிறது. அந்த உருண்டைக்கு இழுவை மாற்றும் பெட்டியிலிருந்து ஒரு சுழல்தண்டும் வரும். இங்கே வெறும் இரும்புத் தண்டவாளம் போன்ற அச்சு மட்டுமே இருந்தது. உள்ளே கியர்க் கம்பியின் பக்கத்தில் இருந்த இரண்டு குட்டிக் கம்பிகளும் அலங்காரத்திற்கு நட்டவை!

அந்த வண்டியில் வேறொரு வில்லங்கமும் இருந்தது. தயாரிப்பாளர் அமைத்த வடிவத்தையும் பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரத்தையும் மீறி வண்டியை மாற்றியமைக்கக்கூடாது என மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. பதிவுப் புத்தகத்தில் கூரையுள்ள வண்டி, கண்முன்னே கூரையற்ற வண்டி என்றால், தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாளில் வாங்கியவரே பதில் சொல்ல வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே கேட்கும்.

இரண்டாவது, ஸ்கார்ப்பியோ வகையில் உண்மையாகவே நான்கு சக்கர இழுவை உடைய வண்டி. முன்னோக்கிய இருக்கைகள், குளிர்சாதனம், நல்ல டயர்கள், விலையும் மலிவு. மச்சானின் முகம் மலர்ந்தது. மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையின் அடியில் உள்ள விரிப்பைத் தூக்கினார். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்டுகள் துருவேறி இருந்தன. இருக்கைப் பட்டையை முழு நீளத்திற்கும் வெளியே இழுத்தார். வழக்கமாகச் சுருண்டு உள்ளே இருக்கும் கடைசி முழத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. முன்விளக்கின் பின்புறம் விரலைவிட்டுத் துழாவினார். காய்ந்த வண்டல் கையோடு வந்தது. "எந்த ஊர்த் தண்ணியோ தெரியலை, ஆனா கழுத்து வரைக்கும் நின்னிருக்கு" என்றார். 2015 சென்னை வெள்ளத்திற்குப் பிறகும் சரி, 2024 புயலுக்குப் பிறகும் சரி, காப்பீட்டு நிறுவனங்கள் முழுச் சேதம் என்று கழித்த வண்டிகள் ஏலத்தில் போய், கழுவி மெருகேற்றப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு. அதிலும் கணினிக் கட்டுப்பாடு மிகுந்த புதிய வண்டிகளில், நீர் புகுந்த மின்கம்பி இணைப்புகள் ஓராண்டு, ஈராண்டு கழித்து ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். நடுவழியில், அதுவும் மழையில் அது நேரும்.

விற்பவரிடம் கேட்டோம். "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என அண்ணலார் கடிந்ததும் நாம் அறிந்த செய்தியே. மழை நனைத்தது வணிகரின் குற்றமன்று, மறைத்தது குற்றமாயிற்று. மோட்டார் வண்டிச் சந்தையில் நிற்கும்போது எனக்கு அந்தச் செய்திதான் ஓயாமல் நினைவில் வந்தது.

மூன்றாவது வண்டியைக் காட்டியவர் ஏம்பலம் பக்கத்து விவசாயி. 2004ஆம் ஆண்டு ஜிப்சி கிங். வெளிறிப்போன வெள்ளை நிறம். பின்னால் முன்னோக்கிய இருக்கையும் பட்டைகளும் முன்பே பொருத்தி, அதைப் பதிவுப் புத்தகத்திலும் முறைப்படி ஏற்றியிருந்தார். வண்டியைக் காட்டுமுன்னரே அதன் நோய்களைச் சொன்னார். இடது முன்சக்கரத்தின் திருப்பு முட்டியில் கிரீஸ் கசிகிறது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது முனகும். பின்தரையில் ஓரிடத்தில் துருப்பிடித்து ஒட்டுப் போட்டிருக்கிறது. மெக்கானிக் சரி பார்த்தார். சொன்ன மூன்றும் இருந்தன. சொல்லாதது ஒன்றும் இல்லை.

எப்படிப் பார்த்தார் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். வாசகர்களில் எவருக்கேனும் பயன்படும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் அதிகாலையிலேயே போக வேண்டும் என்று முன்னரே சொல்லியிருந்தார். சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைக்கும். முதல் முயற்சியில் இயங்கியது. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள், வரவில்லை. பிறகு அச்சுகளின் எண்ணெய் அடைப்பானைக் கழற்றி, விரலால் சிறிது எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். அது மோரைப்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. சூடான அச்சு திடீரென நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, கசியும் முத்திரைகள் வழியாக நீரை உறிஞ்சும். நடவு வயலோரம் ஓடிய எந்த வண்டியிலும் இதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. சட்டத்தின் இரு நீள்கம்பிகளையும் ஒரு சிறு சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார். கணீர் என்ற ஓசை எங்கேனும் மந்தமானால் அங்கே துரு தின்றிருக்கிறது அல்லது ஒட்டு வேலை நடந்திருக்கிறது. கடற்கரையை ஒட்டிய ஊர்களின் வண்டிகளில் இந்த நோய் அதிகம்.

இறுதியாக, நீர் பாய்ச்சியிருந்த வயலின் ஓரத்துப் பாதைக்கு ஓட்டிச் சென்றோம். ஜிப்சியின் முன்சக்கரங்களில் சில ஆண்டு வண்டிகளில் கையால் திருகிப் பூட்ட வேண்டிய பூட்டுகள் இருக்கும். பூட்டாவிட்டால் கம்பியை எங்கே தள்ளினாலும் முன்சக்கரம் இழுக்காது. பூட்டி, நான்கு சக்கர இழுவையின் தாழ்ந்த கியரில் போட்டுச் சேற்றில் இறக்கினார். மச்சானையும் என்னையும் இருபுறமும் நிற்கவைத்து, முன்சக்கரங்கள் சேற்றை வாரிப் பின்னே எறிகின்றனவா என்று பார்க்கச் சொன்னார். எறிந்தன. என் வெள்ளை வேட்டியே சான்று. தார்ச்சாலையில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. இழுவை பூட்டிய நிலையில் கெட்டித் தரையில் வளைந்தால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு சேதமாகும். ஐந்து டயர்களும் ஒரே அளவினதா என்றும் பார்த்தார். முன்னும் பின்னும் அளவு மாறினால் அதே முறுக்கம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். இரண்டு டயர்கள் பத்தாண்டு கடந்தவை. அதற்காக விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார் அந்த விவசாயி. பேரம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

காகிதங்கள்

பழைய வண்டியில் பாதி இரும்பு, பாதி காகிதம். புதுவையில் வாகன வரி குறைவு என்பதால், அங்கே வசிக்காதவர்களும் ஏதோ ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்துகொள்வது நெடுநாளைய வழக்கம். 2017இல் கேரளத்தில் இது பெரும் வழக்குகளாக வெடித்தது. ஆகவே 'பி.ஒய்.' பதிவெண் உள்ள பழைய வண்டியை வாங்கும்போது, புத்தகத்தில் உள்ள முகவரியில் அப்படி ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா என்று பார்ப்பது நல்லது. வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும் என்பது சட்டத்தின் 47ஆம் பிரிவு. வீடு கடலூரிலும் தோப்பு பாகூரிலும் உள்ள குடும்பங்கள் இதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வந்த வண்டிகள் ஏராளம். அவற்றின் தடையில்லாச் சான்றை மூல அலுவலகத்திலேயே சரி பார்ப்பது நன்று.

எங்கள் வண்டி புதுவைப் பதிவு. மச்சானின் வாக்காளர் அட்டையும் புதுவையே. இருபதாண்டு கடந்துவிட்ட வண்டி ஆதலால் பதிவுப் புதுப்பிப்பு எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்தோம். பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அதற்கான கட்டணம் 2022இல் பன்மடங்கு உயர்ந்து, 2025இல் இருபதாண்டு கடந்தவற்றுக்கு மேலும் உயர்ந்தது. எஞ்சின் எண்ணையும் சட்டத்தில் பொறித்த எண்ணையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டோம். கடன் ஏதும் நிலுவையில் இல்லை என்பதை 'பரிவாகன்' இணையதளத்தில் கண்டோம்.

விற்ற விவசாயிக்கு நான் ஒன்றைச் சொன்னேன். பெயர் மாற்றம் நடக்கும் வரை பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள் என்றேன். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருந்தாலும் அப்படித்தான். ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். "அப்படியா பாய்? முன்னே ஒரு டிராக்டரை வித்தேன், பேரை மாத்தினானோ என்னவோ" என்று அவர் கவலையில் ஆழ்ந்துவிட்டார். மறுநாளே இருவரும் சேர்ந்து போய் விண்ணப்பம் கொடுத்தார்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் எஞ்சின், கியர்ப்பெட்டி, இழுவை மாற்றும் பெட்டி, முன்னச்சு, பின்னச்சு ஆகிய ஐந்திலும் எண்ணெயை மாற்றினோம். பழைய பெட்ரோல் வண்டியாதலால், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாங்கும் வகையில் எரிபொருள் ரப்பர்க் குழாய்களையும் புதிதாக்கினார் மெக்கானிக். அச்சுகளின் மூச்சுக்குழாய்களை எஞ்சின் உயரத்திற்கு ஏற்றிக் கட்டினார். செலவு சொற்பம், நீர் புகுவதைத் தடுப்பதில் இதற்கு நிகரில்லை. வண்டியில் எப்போதும் ஒரு மண்வெட்டி, கயிறு, இரண்டு பலகைகள். புதைந்துவிட்டால் டயருக்கு முன்னே காய்ந்த தென்னை மட்டைகளைக் குறுக்கே அடுக்கினால் போதும் என்று தோப்புக்காரர் ஒருவர் சொல்லித் தந்தார். எந்த வெளிநாட்டுக் கருவியும் அதற்கு ஈடாகவில்லை.

எங்கெங்கே ஓட்டலாகாது என்பதையும் தங்கையே பிள்ளைகளுக்கு வரையறுத்தாள். ஊசுட்டேரியின் புதுவைப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம். ஏரிப்படுகை வறண்டு கிடந்தாலும் அங்கே சக்கரம் இறங்கக்கூடாது. ஏரிக்கரைகளின் மேல் மழைக்காலத்தில் வண்டி ஓட்டினால் கரை உடைய நாமே வழி செய்தவர்கள் ஆவோம். நரம்பை, பனித்திட்டு முதலான கடற்கரைகளில் தை முதல் பங்குனி வரை ஆமைகள் மணலில் முட்டையிட வரும். மேலே பார்த்தால் வெறும் மணல், அடியில் நூற்றுக்கணக்கில் முட்டைகள். ஆக, தோப்புப் பாதையும் வண்டிப்பாதைகளும் செம்மண் மேடுமே எங்களுக்கு மிஞ்சின. அவையே போதுமாக இருக்கின்றன.

2025 ஐப்பசியில் முதல் கனமழை அறிவிப்பு வந்த மாலையிலேயே மச்சான் தோப்புக்குச் சென்று தாயாரை அழைத்து வந்துவிட்டார். பாதையில் முழங்கால் சேறு. தாழ்ந்த கியரில் ஊர்ந்து ஏறியதாம். முன்னிருக்கையில் அமர்ந்து வந்த தாயார் வழிநெடுகக் கைப்பிடியை விடவேயில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த வண்டிக்குக் கதவு ஏன் இப்படித் தகரம் மாதிரி அடிக்குது?" என்பதுதான். கதவின் ரப்பர்ப் பட்டையை மாற்ற வேண்டும்.